மூன்றாம் அகிலம் (1919–1943)

மூன்றாம் அகிலம் என்பது 1919 மார்ச்சில் மாஸ்கோவில் தொடங்கப்பட்டு 1943 ஜூன் வரை இயங்கிய உலகக் கம்யூனிஸ்ட் அமைப்பு ஆகும். இதன் முறையான பெயர் கம்யூனிஸ்ட் அகிலம். சுருக்கமாகக் கொமின்டேர்ன் என்றும் அழைக்கப்பட்டது. பல நாட்டுக் கட்சிகள் அவ்வப்போது கூடிப் பேசிக் கலையும் கூட்டமைப்பாக அது இருக்கவில்லை. ஒரே தலைமையும் ஒரே கட்டுப்பாடும் கொண்ட உலகக் கட்சியாக இயங்குவதே அதன் நோக்கமாக இருந்தது. ஒவ்வொரு நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியும் அந்த உலகக் கட்சியின் ஒரு பிரிவாகவே கருதப்பட்டது.

சில பத்துப் பேர் கொண்ட குழுக்களை நாடு தழுவிய கட்சிகளாக வளர்த்ததில் இந்த அமைப்பு முறைக்குப் பெரும் பங்கு உண்டு. எங்கோ எடுக்கப்பட்ட ஒரு தவறான முடிவு பல நாடுகளில் ஒரே நேரத்தில் அழிவை உண்டாக்கியதற்கும் அதே அமைப்பு முறையே காரணமானது. மூன்றாம் அகிலத்தின் 24 ஆண்டு வரலாற்றை இந்த இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

பின்னணி

தொழிலாளர் இயக்கத்தை உலக அளவில் இணைக்கும் முதல் முயற்சி 1864-இல் லண்டனில் தொடங்கிய முதலாம் அகிலம் ஆகும். கார்ல் மார்க்ஸ் அதன் பொதுக்குழுவில் முக்கியப் பங்காற்றினார். மார்க்சின் ஆதரவாளர்களுக்கும் பக்கூனினின் ஆதரவாளர்களுக்கும் ஏற்பட்ட மோதலால் அது 1872-இல் பிளவுபட்டு, 1876-இல் கலைக்கப்பட்டது.

1889-இல் பாரிசில் தொடங்கிய இரண்டாம் அகிலம் பெரிய அளவில் வளர்ந்தது. அதன் வலிமை மிக்க உறுப்புக் கட்சியான ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி 1912 தேர்தலில் 110 இடங்களைப் பெற்று நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியானது. ஆனால் இரண்டாம் அகிலம் தன் உறுப்புக் கட்சிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கொண்டதாக இல்லை. போர் மூண்டால் எதிர்ப்போம் என்று 1912-இல் பேசல் மாநாட்டில் உறுதி கூறிய கட்சிகளே, 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் தத்தம் அரசுகளின் பக்கம் சென்றன. 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி நாடாளுமன்றத்தில் போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. அதே நாளில் பிரெஞ்சு சோசலிஸ்டுகளும் தம் அரசின் போர்ச் செலவை ஆதரித்தனர்.

போரை எதிர்த்தவர்கள் 1915 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சிம்மர்வால்ட் என்ற சிற்றூரில் கூடினர். பறவை ஆய்வாளர்களின் கூட்டம் என்று சொல்லி விடுதியில் இடம் பிடிக்கப்பட்டது. வந்தவர்கள் 38 பேர் மட்டுமே. அவர்களில் ஒருவரான லெனின், இரண்டாம் அகிலம் இனிப் பயன்படாது, புதிய அகிலம் வேண்டும் என்று வாதிட்டார். அந்தச் சிறிய கூட்டத்திலும் அவர் கருத்து சிறுபான்மையாகவே இருந்தது. 1917 அக்டோபர் புரட்சி வெற்றி பெற்ற பிறகே அந்தக் கருத்து செயல் வடிவம் பெற்றது.

தொடக்க மாநாடு

1919 மார்ச் 2 முதல் 6 வரை மாஸ்கோவின் கிரெம்ளினில் தொடக்க மாநாடு நடந்தது. சுமார் 50 பேர் கலந்துகொண்டனர். ரஷ்யா அப்போது உள்நாட்டுப் போரிலும் பொருளாதார முற்றுகையிலும் சிக்கியிருந்தது. ஆகவே வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ரஷ்யாவில் தங்கியிருந்த வெளிநாட்டினரே. வெளிநாட்டிலிருந்து கட்சியின் முறையான ஆணையுடன் வந்த சிலரில் ஜெர்மனியின் ஹூகோ எபெர்லைன் முக்கியமானவர்.

புதிய அகிலத்தை உடனே தொடங்குவதை எதிர்க்குமாறு அவருக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. அது ரோசா லக்சம்பர்க்கின் கருத்து. மேற்கு ஐரோப்பாவில் உண்மையான மக்கள் கட்சிகள் உருவாகும் முன் அகிலம் அமைத்தால், அது ரஷ்யக் கட்சியின் நிழலில்தான் வளரும் என்று அவர் அஞ்சினார். ஆனால் மாநாட்டுக்கு ஏழு வாரம் முன்பு, ஜனவரி 15 அன்று, அவர் பெர்லினில் கொல்லப்பட்டார். மாநாட்டின் மனநிலையைக் கண்ட எபெர்லைன் எதிர்த்து வாக்களிக்காமல் நடுநிலை வகித்தார். அகிலம் உருவானது. அதன் நிர்வாகக் குழுவின் தலைவராகக் கிரிகோரி சினோவியெவ் பொறுப்பேற்றார்.

இருபத்தொரு நிபந்தனைகள்

அகிலத்தின் அமைப்பு வடிவம் 1920 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்த இரண்டாம் மாநாட்டில் முடிவானது. செஞ்சேனை அப்போது வார்சாவை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது. மாநாட்டு மண்டபத்தில் தொங்கிய பெரிய வரைபடத்தில் அதன் முன்னேற்றம் நாள்தோறும் குறிக்கப்பட்டது. ஐரோப்பியப் புரட்சி சில மாதங்களில் வந்துவிடும் என்ற நம்பிக்கை எல்லோரிடமும் இருந்தது.

அகிலத்தில் சேர விரும்பும் கட்சிகளுக்கு 21 நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவற்றில் முக்கியமானவை:

1. கட்சியின் பொறுப்புகளிலிருந்து சீர்திருத்தவாதிகளையும் நடுநிலைவாதிகளையும் நீக்க வேண்டும்.
2. சட்டபூர்வ அமைப்புடன் கூடவே தலைமறைவு அமைப்பையும் உருவாக்க வேண்டும்.
3. படைகளிலும், கிராமங்களிலும், தொழிற்சங்கங்களிலும் தொடர்ந்து பிரசாரம் செய்ய வேண்டும்.
4. தம் நாட்டு அரசின் குடியேற்ற ஆதிக்கத்தை எதிர்க்கும் மக்களுக்குச் செயலில் ஆதரவு தர வேண்டும்.
5. கட்சி தன் பெயரை 'இன்ன நாட்டின் கம்யூனிஸ்ட் கட்சி, கம்யூனிஸ்ட் அகிலத்தின் பிரிவு' என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.
6. அகிலத்தின் மாநாடும் நிர்வாகக் குழுவும் எடுக்கும் முடிவுகள் எல்லாக் கட்சிகளையும் கட்டுப்படுத்தும்.

1914-இல் நடந்தது மீண்டும் நடக்கக் கூடாது என்பதே இந்தக் கடுமைக்குக் காரணம். இதன் விளைவாக ஐரோப்பிய சோசலிஸ்ட் கட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிளந்தன. 1920 அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே நகரில் கூடிய சுயேச்சை சமூக ஜனநாயகக் கட்சி மாநாட்டில் சினோவியெவ் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக ஜெர்மன் மொழியில் பேசினார். பெரும்பான்மையினர் அகிலத்தில் சேர முடிவு செய்தனர். அதுவரை சிறு கட்சியாக இருந்த ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி இதனால் சில லட்சம் உறுப்பினர் கொண்ட கட்சியானது. அதே ஆண்டு டிசம்பரில் பிரான்சின் தூர் நகரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் அகிலத்துக்குக் கிடைத்தன. அங்கு ஆதரவாக வாக்களித்தவர்களில், பின்னாளில் ஹோ சி மின் என்று அறியப்பட்ட வியட்நாமிய இளைஞரும் ஒருவர்.

இத்தாலியில் விளைவு வேறாக இருந்தது. 1921 ஜனவரியில் லிவோர்னோ மாநாட்டில் சீர்திருத்தவாதிகளை வெளியேற்றும் நிபந்தனையைப் பெரும்பான்மையினர் ஏற்கவில்லை. போர்டிகா, கிராம்சி ஆகியோரைக் கொண்ட சிறுபான்மையினர் வெளியேறித் தனிக் கட்சி தொடங்கினர். பிளவுபட்ட தொழிலாளர் இயக்கத்தின் மீது பாசிசப் படைகளின் தாக்குதல் பெருகியது. 1922 அக்டோபரில் முசோலினி ஆட்சிக்கு வந்தார்.

குடியேற்ற நாடுகள் பற்றிய விவாதம்

முந்தைய அகிலங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க அமைப்புகளாகவே இருந்தன. ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் விடுதலையை உலகப் புரட்சியின் மையப் பிரச்சினைகளில் ஒன்றாக மூன்றாம் அகிலமே ஆக்கியது. இரண்டாம் மாநாட்டில் இது குறித்து லெனின் ஓர் ஆய்வுரையை முன்வைத்தார். குடியேற்ற நாடுகளின் தேசிய விடுதலை இயக்கங்களை, முதலாளித்துவத் தலைமையில் இருந்தாலும், கம்யூனிஸ்டுகள் ஆதரிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மெக்சிகோவிலிருந்து வந்திருந்த இந்தியரான எம். என். ராய் இதிலிருந்து மாறுபட்டார். தேசிய முதலாளிகள் ஒரு கட்டத்தில் ஏகாதிபத்தியத்துடன் சமரசம் செய்துகொள்வார்கள். ஆகவே தொழிலாளர், உழவர் அமைப்புகளைத் தனியாகக் கட்டுவதே முதன்மையான வேலை என்று அவர் வாதிட்டார். விவாதத்துக்குப் பின் இருவர் ஆய்வுரைகளும் திருத்தங்களுடன் ஏற்கப்பட்டன. உலகப் புகழ் பெற்ற தலைவரை 33 வயது இந்தியர் ஒருவர் வெளிப்படையாக மறுத்துப் பேசவும், அவர் கருத்தும் தீர்மானத்தில் இடம்பெறவும் அன்றைய அகிலத்தில் இடம் இருந்தது.

1920 செப்டம்பரில் பாக்கு நகரில் கீழ்த்திசை மக்கள் மாநாடு நடந்தது. சுமார் 1,900 பேர் அதில் கலந்துகொண்டனர். அடுத்த மாதம் தாஷ்கண்டில் ராயும் அவர் தோழர்களும் இந்தியக் கம்யூனிஸ்ட் குழு ஒன்றை அமைத்தனர்.

அமைப்பைக் கட்டிய முறை

பல நாடுகளில் கட்சிகளைத் தொடங்கி வளர்க்க அகிலம் சில வழிகளைத் தொடர்ந்து கையாண்டது.

பத்திரிகை: அகிலத்தின் கோட்பாட்டு இதழ் ரஷ்யம், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வெளிவந்தது. 1921 முதல் பல மொழிகளில் வந்த செய்தி இதழ் ஒன்று ஒரு நாட்டின் போராட்டத்தை மற்ற நாட்டினர் அறியச் செய்தது.

பயிற்சி: 1921-இல் மாஸ்கோவில் கீழ்த்திசை உழைப்பாளர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 1925-இல் சீன மாணவர்களுக்காகச் சன் யாட்-சென் பல்கலைக்கழகமும், 1926-இல் அனைத்துலக லெனின் பள்ளியும் வந்தன. ஹோ சி மின், டெங் சியாவோபிங் போன்ற பலர் மாஸ்கோவில் பயின்றவர்களே.

தூதர்கள்: அனுபவம் மிக்கவர்கள் புனைபெயரில் பிற நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். 1921 ஜூலையில் ஷாங்காயில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு நடந்தபோது, அகிலத்தின் சார்பில் டச்சுக்காரரான ஹென்க் ஸ்னீவ்லீட் உடனிருந்தார். அப்போது சீனா முழுவதும் இருந்த உறுப்பினர்கள் 50 பேரை ஒட்டியே இருந்தனர். 1930 பிப்ரவரியில் ஹாங்காங்கில் மூன்றாகப் பிரிந்திருந்த வியட்நாமியக் கம்யூனிஸ்டுகளை ஒன்றாக்கியவர் அகிலத்தின் சார்பில் செயல்பட்ட ஹோ சி மின். பணம், கடிதம், கடவுச்சீட்டு ஆகியவற்றை இரகசியமாகக் கொண்டு சேர்க்கத் தனித் துறையே இயங்கியது.

துணை அமைப்புகள்: கட்சியில் சேராதவர்களையும் ஈர்க்க இளைஞர், தொழிற்சங்கம், உழவர், கைதிகளுக்கான உதவி எனத் தனித்தனி அமைப்புகள் அமைக்கப்பட்டன. 1927 பிப்ரவரியில் பிரசல்சில் தொடங்கிய ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தின் மாநாட்டில் இந்தியத் தேசியக் காங்கிரசின் சார்பில் ஜவாகர்லால் நேரு கலந்துகொண்டார்.

இந்தியாவும் சென்னையும்

ராய் பெர்லினிலிருந்து இதழ்களை அச்சிட்டு இந்தியாவுக்கு அனுப்பினார். பம்பாய், கல்கத்தா, லாகூர், சென்னை ஆகிய நகரங்களில் இருந்தவர்களுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். சென்னையில் அவருடன் தொடர்பு கொண்டவர் ம. சிங்காரவேலர். 1922 டிசம்பரில் கயா காங்கிரசில் தம்மைக் கம்யூனிஸ்ட் என்று அறிவித்துப் பேசிய சிங்காரவேலர், 1923 மே 1 அன்று சென்னையில் மே தினக் கூட்டம் நடத்தினார். இந்தியாவில் கொண்டாடப்பட்ட முதல் மே தினமாக அது கருதப்படுகிறது.

அஞ்சலில் சென்ற கடிதங்களைப் பிரிட்டிஷ் உளவுத்துறை பிரித்துப் படித்துப் படியெடுத்தது. அவற்றையே சான்றாகக் கொண்டு 1924-இல் கான்பூர் சதி வழக்கு நடத்தப்பட்டு, டாங்கே, முசாபர் அகமது உள்ளிட்ட நால்வருக்கு நான்காண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வழக்கில் சேர்க்கப்பட்ட சிங்காரவேலர் உடல்நலக் குறைவால் சிறை செல்லவில்லை.

1925 டிசம்பரில் சிங்காரவேலர் தலைமையில் கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டில் கட்சியின் பெயர் பற்றியே ஒரு விவாதம் எழுந்தது. மாநாட்டைக் கூட்டிய சத்யபக்தா, கட்சி எந்த வெளிநாட்டு அமைப்புக்கும் கட்டுப்படாதது என்பதைக் காட்ட 'இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி' என்ற பெயரே போதும் என்றார். மற்றவர்கள் அகிலத்தின் நிபந்தனைப்படி 'இந்தியாவின் கம்யூனிஸ்ட் கட்சி' என்றே இருக்க வேண்டும் என்றனர். அவர்கள் கருத்தே ஏற்கப்பட்டது. சத்யபக்தா விலகினார். கட்சி உலக அமைப்பின் பிரிவா, நாட்டின் சொந்த அமைப்பா என்ற கேள்வியே இந்தப் பெயர்ச் சண்டைக்குள் இருந்தது.

மையமும் கட்சிகளும் மோதிய இடங்கள்

1921 மார்ச்சில் ஜெர்மன் கட்சி, அகிலத்தின் தூதர்கள் தூண்டியபடி, மக்கள் ஆதரவு இல்லாத நிலையில் எழுச்சியில் இறங்கித் தோற்றது. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கட்சியை விட்டு விலகினர். இதை வெளிப்படையாகக் கண்டித்த முன்னாள் தலைவர் பவுல் லெவி நீக்கப்பட்டார். அவர் விமர்சனம் சாரத்தில் சரி என்பதை லெனின் ஒப்புக்கொண்டார். ஆயினும் கட்டுப்பாட்டை மீறியதற்காக நீக்கம் நிலைத்தது. அவ்வாண்டு மூன்றாம் மாநாடு, முதலில் பெரும்பான்மைத் தொழிலாளர்களை வென்றெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அதிலிருந்து ஐக்கிய முன்னணிக் கொள்கை பிறந்தது. தவறு நடந்தது, விவாதத்தின் மூலம் திருத்தப்பட்டது.

1924-இல் லெனின் மறைந்த பிறகு இந்த நிலை மாறியது. கட்சிகள் ரஷ்ய முறையில் மாற்றியமைக்கப்பட்டன. ரஷ்யக் கட்சியின் உட்பூசலில் தோற்றவர்களை ஆதரித்தவர்கள் பிற நாடுகளிலும் நீக்கப்பட்டனர். ஸ்டாலினின் நிலைப்பாடே அகிலத்தின் நிலைப்பாடாக ஆனது.

சீனாவில் கம்யூனிஸ்டுகள் கோமிண்டாங் கட்சிக்குள் இருந்து செயல்பட வேண்டும் என்பது அகிலத்தின் வழிகாட்டல். அந்தக் கூட்டணியில் கட்சி 1927-க்குள் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைப் பெற்றது. ஆனால் 1927 ஏப்ரல் 12 அன்று சியாங் கை-ஷேக்கின் படைகள் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகளையும் தொழிற்சங்கத்தினரையும் கொன்று குவித்தன. பின்னர் சீனக் கட்சி நகரங்களை விட்டுக் கிராமப்புறத் தளங்களில்தான் மீண்டும் வளர்ந்தது.

1928-இல் ஆறாம் மாநாடு இதற்கு நேர் எதிர்த் திசையில் சென்றது. முதலாளித்துவம் இறுதி நெருக்கடியில் நுழைகிறது, சமூக ஜனநாயகக் கட்சிகளே முதன்மை எதிரி என்ற கருத்து வலுப்பெற்றது. அவர்களைச் 'சமூகப் பாசிஸ்டுகள்' என்று அழைத்தனர். ஜெர்மனியில் இதன் விலை மிகப் பெரியது. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிக் கட்சி 196 இடங்களைப் பெற்றது. சமூக ஜனநாயகக் கட்சி 121, கம்யூனிஸ்ட் கட்சி 100 இடங்களைப் பெற்றன. இரண்டும் சேர்ந்தால் நாஜிகளை விட அதிகம். கம்யூனிஸ்டுகளுக்கு மட்டும் ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகள் விழுந்தன. ஆயினும் இரு கட்சித் தலைமைகளும் ஒன்றை ஒன்று எதிரியாகவே கண்டன. நாடு கடத்தப்பட்டிருந்த டிராட்ஸ்கி ஐக்கிய முன்னணி தேவை என்று எழுதிய எச்சரிக்கைகளை அகிலம் புறக்கணித்தது. 1933 ஜனவரி 30 அன்று இட்லர் பதவியேற்றார். சில மாதங்களுக்குள் ரஷ்யாவுக்கு வெளியே ஐரோப்பாவின் மிகப் பெரிய கம்யூனிஸ்ட் கட்சி சட்டவிரோதமாக்கப்பட்டுச் சிதைக்கப்பட்டது. அதன் தலைவர் ஏர்ன்ஸ்ட் தேல்மான் 11 ஆண்டு சிறைக்குப் பின் 1944-இல் கொல்லப்பட்டார்.

மக்கள் முன்னணி

1935-இல் நடந்த ஏழாம் மாநாடு பாசிச எதிர்ப்பு மக்கள் முன்னணி என்ற கொள்கையை ஏற்றது. இதை முன்வைத்தவர் பல்கேரியாவின் கியார்கி திமித்ரோவ். நாஜி அரசு தொடுத்த லைப்சிக் வழக்கில் தாமே வாதாடி விடுதலையானவர் அவர். புதிய கொள்கை தத்தம் நாட்டு நிலைமைக்கேற்பச் செயல்படக் கட்சிகளுக்குச் சற்று இடம் கொடுத்தது. வளர்ச்சியும் உடனே தெரிந்தது. பிரான்சில் கட்சியின் நாடாளுமன்ற இடங்கள் 1936-இல் 10-இலிருந்து 72 ஆயின. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசைக் காக்கப் பல நாடுகளிலிருந்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் பன்னாட்டுப் படையணிகளில் சேர்ந்தனர். இந்தியாவில் கம்யூனிஸ்டுகள் காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சிக்குள் சேர்ந்து பணியாற்றினர். ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி போன்றோர் தமிழ்நாட்டில் கட்சியைக் கட்டியது இந்தக் காலத்தில்தான்.

களையெடுப்பும் போரும்

அதே ஆண்டுகளில் மாஸ்கோவில் அகிலத்தின் சொந்த ஊழியர்களே கைது செய்யப்பட்டனர். முதல் தலைவர் சினோவியெவ் 1936-இலும், அவருக்குப் பின் அகிலத்தை வழிநடத்திய புகாரின் 1938-இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அங்கேரிய சோவியத்தின் தலைவர் பேலா குன், இந்தியப் புரட்சியாளர்கள் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, அபானி முகர்ஜி ஆகியோரும் கொல்லப்பட்டனர். போலந்துக் கட்சி 1938-இல் முழுமையாகக் கலைக்கப்பட்டது. தொடக்க மாநாட்டில் நடுநிலை வகித்த எபெர்லைன், இட்லரிடமிருந்து தப்பி மாஸ்கோவில் அடைக்கலம் புகுந்தவர். 1937-இல் கைதான அவர் 1941-இல் கொல்லப்பட்டார்.

1939 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் ஜெர்மனியுடன் ஒப்பந்தம் செய்தது. பாசிச எதிர்ப்பைப் பேசி வந்த கட்சிகள் ஒரே இரவில் நிலை மாற வேண்டியதாயிற்று. 1935-இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி அவ்வாண்டு டிசம்பரில் மூன்றாம் அகிலத்தின் மீது நம்பிக்கையின்மைத் தீர்மானம் நிறைவேற்றியது. ஸ்டாலின் ஆதரவாளர்கள் அக்கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதும் நிலைப்பாடு மீண்டும் மாறியது. போரை 'மக்கள் போர்' என்று ஆதரித்த இந்தியக் கட்சி, 1942-இன் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சேராமல் நின்றது. இந்த முடிவு பற்றிய விமர்சனம் கட்சியைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

கலைப்பு

1943 மே மாதம் அகிலத்தின் நிர்வாகத் தலைமை, அமைப்பைக் கலைக்கும் முன்மொழிவை வெளியிட்டது. நாடுகளின் வரலாறும் நிலைமைகளும் வேறுபடுவதால், ஒரே மையத்திலிருந்து எல்லாக் கட்சிகளின் சிக்கல்களையும் தீர்க்க இயலாது என்பது அதில் கூறப்பட்ட காரணம். போர்க்கால நட்பு நாடுகளான பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றின் ஐயத்தைப் போக்குவதும் ஒரு நோக்கமாக இருந்தது. ஜூன் மாதத்தில் அகிலம் முறைப்படி முடிவுக்கு வந்தது.

மதிப்பீடு

இரண்டாம் அகிலம் கட்டுப்பாடு இல்லாததால் 1914-இல் வீழ்ந்தது. மூன்றாம் அகிலம் அந்தக் குறையைத் தீர்க்கவே கட்டப்பட்டது. பயிற்சி, பத்திரிகை, தூதர்கள், பொதுக் கொள்கை ஆகியவற்றால் அது ஐரோப்பாவுக்கு வெளியேயும் பரவிய உலகத் தொழிலாளர் இயக்கமாக வளர்ந்தது. ஆனால் மையத்தின் தவற்றை மறுத்துச் சொல்லும் உரிமை கட்சிகளிடம் குறைந்தபோது, தவறுகளைத் திருத்தும் வழியும் அடைபட்டது. 1920-இல் ராய் லெனினை மறுத்துப் பேச முடிந்தது. 1932-இல் ஜெர்மன் கட்சிக்குள் கொள்கையை மறுத்தவர்கள் ஓரங்கட்டப்பட்டனர்.

அகிலத்தின் உதவியுடன் தொடங்கிய கட்சிகளில் நீண்ட காலம் வேரூன்றியவை, சீனாவிலும் வியட்நாமிலும் போலத் தம் நாட்டு உழவரையும் தொழிலாளரையும் கற்று அதற்கேற்பத் தம் வழியை வகுத்தவையே. ரோசா லக்சம்பர்க் 1919-இல் எழுப்பிய ஐயத்துக்கு, அகிலத்தைக் கலைத்த 1943 ஆவணமே ஒருவகையில் விடையாக அமைந்தது.